தொப்புள்கொடியில் இருந்த கடல்

நம் வீடுகளில் குழந்தைக்குத் தொப்புள்கொடி காய்ந்து உதிர்ந்ததும் பாட்டிமார்கள் அதைக் குப்பையில் போட விடமாட்டார்கள். வெள்ளித் தாயத்துக்குள் அடைத்து அரைஞாண் கயிற்றில் கோத்துக் கட்டிவிடுவார்கள். ஜப்பானியத் தாய்மார்களுக்கும் இப்படி ஒரு வழக்கம் உண்டு. காய்ந்த கொடியைப் பஞ்சில் பொதிந்து, உள்ளங்கையில் அடங்கும் மரப்பெட்டியில் வைத்து, பிறந்த தேதியை எழுதி, வீட்டில் பத்திரப்படுத்துவார்கள். பிள்ளை வளர்ந்து ஆளான பிறகும் அந்தப் பெட்டி வீட்டில் இருக்கும்.

கியூஷு தீவின் மேற்குக் கரையில் உள்ள மினமாட்டாவிலும் அதைச் சுற்றியிருந்த மீனவர் குப்பங்களிலும் ஹராடா மசஸுமி என்ற மருத்துவர் இந்தப் பெட்டிகளைத் தேடி வீடு வீடாகப் போனார். தாய்மார்களிடம் கேட்டு வாங்கிய கொடிகள் ஆய்வகத்துக்குப் போயின. அவற்றில் மெத்தில் பாதரசம் இருந்தது. பிறந்த ஆண்டு வாரியாக அடுக்கிப் பார்த்தபோது, ஊரில் இருந்த ரசாயன ஆலையின் உற்பத்தி ஏறிய காலத்தில் கொடியிலும் பாதரசம் ஏறியிருந்தது. உற்பத்தி இறங்கிய காலத்தில் அதுவும் இறங்கியிருந்தது. ஆய்வு முடிவு 1975-ல் வெளியானது. ஆலை யாருக்கும் காட்டாத கணக்கு, தாய்மார்களின் அலமாரிகளில் தேதி போட்டு இருந்திருக்கிறது.

கடலை ஆராய்வது என்றதும் கப்பலும் தண்ணீர்க் குப்பியும் நுண்ணோக்கியும்தான் நம் கண்முன் வரும். மினமாட்டா விரிகுடாவைப் பற்றி உலகம் தெரிந்துகொண்டது பூனைகளிடமிருந்தும், தலைமுடியிலிருந்தும், இறந்தவர்களின் மூளையிலிருந்தும், இந்தக் காய்ந்த கொடிகளிலிருந்தும். அந்த ஆராய்ச்சியின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் ஒரே கேள்வி என்னை உறுத்துகிறது. ஒரு கடலில் மீன் பிடிப்பதை நிறுத்து என்று சொல்ல, எவ்வளவு தெரிந்தால் போதும்?

எலிகள் பெருகிய ஊர்

மினமாட்டா விரிகுடா பெருங்கடலை நேராகப் பார்த்து நிற்கும் கரை இல்லை. ஷிரானுய் கடல் என்ற உள்கடலின் ஓரத்தில் ஒரு சிறு மடிப்பு அது. எதிரே அமகுசா தீவுகள் மதில் போல நிற்கின்றன. வெளிக்கடலோடு குறுகலான நீர்வழிகள் வழியாகத்தான் தொடர்பு. பாக் நீரிணைக் கரையில் வளர்ந்தவர்களுக்கு அந்த மாதிரிக் கடலின் குணம் தெரியும். அலை அடங்கியிருக்கும், மீன் குஞ்சு பொரிக்கும், வந்த தண்ணீர் சீக்கிரம் போகாது. மடவை, மத்தி, நெத்திலி, நண்டு, பேய்க்கணவாய், பாறையில் ஒட்டிய சிப்பி என்று வருடம் முழுக்கப் பாடு இருந்த கடல். நெல் விளைய இடமில்லாத குப்பங்களில் மூன்று வேளையும் மீன்தான் சாப்பாடு.

அந்தக் கரையில் 1908-ல் வந்த ஆலை சிஸ்ஸோ. அந்தச் சொல்லுக்கு ஜப்பானிய மொழியில் நைட்ரஜன் என்று பொருள். கார்பைடும் உரமும் செய்வதற்காக வந்தது. 1932-ல் அங்கே அசிட்டால்டிஹைடு தயாரிக்க ஆரம்பித்தார்கள். கார்பைடிலிருந்து வரும் அசிட்டிலீன் வாயுவை, பாதரச சல்பேட்டை வினையூக்கியாக வைத்து மாற்றும் முறை. பிளாஸ்டிக்கை இளக்கும் பொருளுக்கும் அசிட்டிக் அமிலத்துக்கும் அதுதான் மூலப்பொருள். அந்த வினை நடக்கும் கலத்துக்குள்ளேயே பாதரசத்தில் ஒரு பகுதி மெத்தில் பாதரசமாக மாறிவிடும். 1951-ல் வினையில் சேர்த்த ஒரு துணைப்பொருளை மாற்றினார்கள். அதற்குப் பிறகு அது இன்னும் அதிகமாக உருவானது. கழிவு முழுவதும் ஹியாக்கென் என்ற சிறு துறைமுகத்தின் கால்வாய் வழியாக விரிகுடாவில் விழுந்தது.

ஊரில் இதைத் தட்டிக் கேட்பது எளிதாக இல்லை. பிழைப்பு ஆலையை நம்பி இருந்தது. அசிட்டால்டிஹைடு முறையை உருவாக்கிய பொறியாளர்களில் ஒருவரும் ஆலையின் மேலாளராக இருந்தவருமான ஹஷிமொட்டோ ஹிகொஷிச்சி, பின்னாளில் அந்த ஊரின் மேயராகவே இருந்தார்.

ஆனாலும் மீனவர்கள் ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். கழிவால் மீன்பாடு குறைந்தது என்று 1926-லேயே மீனவர் சங்கம் ஆலையிடம் இழப்பீடு வாங்கியிருக்கிறது. 1943-ல் மறுபடியும் வாங்கியது. 1952-ல் சங்கத்தின் புகாரைக் கேட்டு வந்து பார்த்த மாகாண மீன்வளத்துறை அலுவலர் ஒருவர், ஆலையின் கழிவுநீரைப் பகுத்தாய வேண்டும் என்று அறிக்கை எழுதினார். அதன்பேரில் யாரும் எதையும் ஆயவில்லை.

அதே ஆண்டுகளில் கடல் தானே பேச ஆரம்பித்தது. சிப்பிகள் வாய் பிளந்து கிடந்தன. கடற்பாசி வெளிறி அறுந்து கரை ஒதுங்கியது. மடவை செத்து மிதந்தது. உயிரோடு இருந்தவற்றைக் கையாலேயே அள்ள முடிந்தது. காகங்கள் பறந்துகொண்டிருக்கும்போதே கீழே விழுந்தன. அடுத்து பூனைகள். தள்ளாடின, சுழன்றன, சுவரில் மோதின, கடலில் போய் விழுந்தன. 1954 ஆகஸ்ட் 1 அன்று குமமோட்டோவின் நாளிதழ் ஒன்றில் சின்னச் செய்தி வந்தது. மோடோ என்ற குப்பத்தில் பூனைகளெல்லாம் வலிப்பு கண்டு செத்துவிட்டன, எலிகள் பெருகிவிட்டன, ஒழித்துத் தாருங்கள் என்று ஊரார் நகராட்சியைக் கேட்கிறார்கள் என்பது செய்தி.

இந்தச் செய்தியின் கனம் மீனவர் வீட்டில் பிறந்தவருக்குப் புரியும். எலி கடித்தால் வலை போச்சு. அதற்காகத்தான் வீட்டுக்கு வீடு பூனை வளர்த்தார்கள். பூனைக்கு வீட்டில் மிஞ்சிய மீனைப் போட்டார்கள். அந்தப் பூனை செத்தது என்றால், வீட்டில் இருப்பவர்கள் தின்ற அதே மீனைத் தின்று செத்தது. மினமாட்டா விரிகுடாவின் முதல் ஆய்வறிக்கை என்று நான் இந்தச் சின்னச் செய்தியைத்தான் சொல்வேன். அதைப் படித்தவர்கள் எலிகளை மட்டும் கவனித்தார்கள்.

பாயச அண்டா

1956 ஏப்ரலில், ஆறு வயது நிறையாத ஒரு சிறுமியைச் சிஸ்ஸோ ஆலையின் மருத்துவமனைக்குத் தூக்கி வந்தார்கள். நடை தள்ளாடியது, பேச்சு குழறியது, வலிப்பு வந்தது. இரண்டு நாளில் அவள் தங்கைக்கும் அதே நிலை. பக்கத்து வீடுகளிலும் இப்படி இருக்கிறார்கள் என்று தாய் சொன்னார். தேடிப் போனால், உண்மையாகவே இருந்தார்கள். மே 1 அன்று மருத்துவமனை இயக்குநர் ஹொசொகாவா ஹஜிமே, மைய நரம்பு மண்டலத்தைத் தாக்கும் காரணம் தெரியாத நோய் பரவுகிறது என்று சுகாதார நிலையத்துக்கு முறைப்படி தெரிவித்தார். மினமாட்டா நோய் அதிகாரபூர்வமாகக் கண்டறியப்பட்ட நாள் என்று அந்தத் தேதியைத்தான் இன்றும் குறிப்பிடுகிறார்கள்.

முதலில் தொற்றுநோய் என்று நினைத்தார்கள். நோயாளிகளைத் தனியறைகளில் வைத்தார்கள், வீடுகளில் மருந்து தெளித்தார்கள். அக்கம்பக்கத்தார் அந்த வீடுகளுக்குப் போவதை நிறுத்தினார்கள். கடைக்குப் போனால் காசைக் கையால் தொட்டு வாங்க மாட்டார்கள். தொற்று இல்லை என்று தெரிந்த பிறகும் அந்த ஒதுக்கல் பல ஆண்டுகள் போகவில்லை.

ஆகஸ்டில் குமமோட்டோ பல்கலைக்கழகத்தின் மருத்துவக் குழு வந்தது. அக்டோபருக்குள் 40 நோயாளிகளை அடையாளம் கண்டார்கள். அவர்களில் 14 பேர் இறந்திருந்தார்கள். குடும்பம் குடும்பமாக, கடலோரக் குப்பங்களில், மீனே உணவாக இருந்தவர்கள் மத்தியில், வீட்டுப் பூனைகளோடு சேர்ந்து வந்த நோய். நவம்பர் 4 அன்று குழு தன் முதல் முடிவைச் சொன்னது: இது ஒரு கன உலோகத்தின் நஞ்சு, விரிகுடாவின் மீன், சிப்பி வழியாக உடலுக்குள் போகிறது. அடுத்த ஆண்டு சுகாதார நிலைய இயக்குநர் இட்டோ ஹசுவோ வெளியூர்ப் பூனைகளைக் கொண்டுவந்து விரிகுடா மீனைப் போட்டு வளர்த்தார். சில வாரங்களிலேயே அவையும் சுழல ஆரம்பித்தன.

ஒரு கல்யாண வீட்டை நினைத்துப் பாருங்கள். பந்தியில் சாப்பிட்டவர்களில் ஐம்பது பேர் வாந்தி எடுக்கிறார்கள். விசாரித்தால், பாயசம் குடித்தவர்களுக்குத்தான் வந்திருக்கிறது. அந்த நிமிடமே என்ன செய்வோம்? அண்டாவைக் கவிழ்ப்போம். பாலில் கோளாறா, பாத்திரத்தில் களிம்பா, எந்தக் கிருமி என்பதெல்லாம் பிறகு வரட்டும். அடுத்த பந்திக்குப் பாயசம் போகக் கூடாது, அவ்வளவுதான்.

ஜப்பானியச் சட்டத்திலும் அதற்கு இடம் இருந்தது. ஹமனா ஏரியில் கிடைத்த மட்டிகளைத் தின்று 1942-ல் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். 1949-ல் மறுபடியும் அங்கே நஞ்சு தலைகாட்டியபோது, ஷிஸுவோகா மாகாணம் உணவுச் சுகாதாரச் சட்டத்தைக் கொண்டு மட்டி எடுப்பதைத் தடுத்தது. நஞ்சு இன்னதென்று அப்போது யாருக்கும் தெரியாது. மட்டியில் இருக்கிறது என்பது தெரிந்திருந்தது, போதுமானதாக இருந்தது. குமமோட்டோ மாகாண அதிகாரிகள் இந்த முன்னுதாரணத்தைக் கேட்டு விசாரித்தும் இருக்கிறார்கள். 1957-ல் அதே சட்டத்தை மினமாட்டாவுக்கும் பயன்படுத்தலாமா என்று மத்திய சுகாதார அமைச்சகத்துக்கு எழுதினார்கள். செப்டம்பர் 11 அன்று பதில் வந்தது. விரிகுடாவின் மீன், சிப்பி எல்லாமே நஞ்சாகிவிட்டன என்பதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை, ஆகவே சட்டத்தைப் பயன்படுத்த முடியாது என்பதே அதன் சாரம்.

எல்லாமே என்ற அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். அண்டாவில் இருக்கும் ஒவ்வொரு கரண்டிப் பாயசமும் கெட்டிருக்கிறது என்று நிரூபித்தால்தான் கவிழ்க்கலாம் என்பது அதன் பொருள். எந்தக் கடலிலும், எந்த ஆய்வாளராலும், எத்தனை காலம் முயன்றாலும் நிரூபிக்க முடியாத ஒன்றை ஆதாரம் என்று கேட்டார்கள். மினமாட்டா விரிகுடாவில் மீன் பிடிக்கச் சட்டப்படியான தடை கடைசிவரை வரவே இல்லை. மீனவர் சங்கம் தானாக வலையை நிறுத்தி வைத்தது. வருமானம் போன குடும்பங்கள் பசித்தபோது மறுபடியும் அந்த மீனையே தின்றன. 1956-க்குப் பிறகு நோய் கண்டவர்களைக் கடலின் பலிகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் அந்தப் பதில் கடிதத்தின் பலிகள்.

பூனை எண் 400

எந்த உலோகம் என்று கண்டுபிடிக்க ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆயின. கழிவில் என்னென்ன கலக்கிறது என்று ஆலை சொல்லவில்லை. மாங்கனீஸ், செலீனியம், தாலியம் என்று ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டு விலக்கினார்கள். வழி காட்டியது இறந்தவர்களின் மூளை. நோயியல் பேராசிரியர் டகெயுச்சி டடாவோ அதை அறுத்துப் பார்த்தபோது, சிறுமூளையும் பார்வைக்கான பகுதியும் அரித்துப்போயிருந்தன. இங்கிலாந்தில் விதைகளுக்குப் பூசும் மருந்து செய்த ஆலையில் மெத்தில் பாதரசம் தாக்கிய தொழிலாளர்களைப் பற்றி 1940-ல் ஹண்டர் முதலான மருத்துவர்கள் எழுதிய ஆய்வு ஒன்று இருந்தது. கை கால் மரத்துப்போவது, நடை குலைவது, குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் பார்வை சுருங்குவது என்று அதில் எழுதியிருந்த அத்தனையும் மினமாட்டாவில் இருந்தன. 1958-ல் அங்கே வந்த பிரிட்டிஷ் நரம்பியல் மருத்துவர் டக்ளஸ் மெக்கால்பைனும் இந்த ஒற்றுமையைச் சுட்டிக்காட்டினார். 1959 ஜூலை 22 அன்று குமமோட்டோ குழு கரிமப் பாதரசம்தான் காரணம் என்று அறிவித்தது.

சேற்றை அள்ளிப் பார்த்தார்கள். ஹியாக்கென் கால்வாய் முகத்தில் ஒரு டன் சேற்றில் 2 கிலோ பாதரசம். சுரங்கம் வைத்து எடுத்தால் கட்டுப்படியாகும் அளவு அது. கால்வாயை விட்டுத் தள்ளிப் போகப் போக அளவு குறைந்தது. எங்கிருந்து வருகிறது என்று சேறே கை காட்டியது. தலைமுடியைச் சோதித்தபோது, குமமோட்டோ நகரத்தாருக்குச் சராசரியாகப் பத்து லட்சத்தில் 4 பங்கு. மினமாட்டா நோயாளி ஒருவருக்கு 705 பங்கு.

கடல் பெரிது, எதைக் கொட்டினாலும் கரைந்துபோகும் என்று அதுவரை எல்லோரும் நம்பியிருந்தார்கள். மெத்தில் பாதரசம் அந்த நம்பிக்கைக்கு நேர் எதிராக நடந்துகொள்ளும். உயிருள்ள தசைக்குள் போனால் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும், சீக்கிரம் வெளியேறாது. நுண்ணுயிர் தின்ற சிறு மீனில் கொஞ்சம், அதைத் தின்ற பெரிய மீனில் இன்னும் கொஞ்சம், கடைசியில் மனிதத் தட்டில் எல்லாம். தண்ணீரில் அளந்தால் ஒன்றுமில்லாதது போல் இருக்கும் அளவு, மீனில் கொல்லும் அளவாக நிற்கும்.

ஆலை தன் பங்குக்கு ஒரு காரியம் செய்தது. 1958 செப்டம்பரில் கழிவை விரிகுடாவுக்கு விடுவதை மாற்றி, மினமாட்டா ஆற்றின் முகத்துவாரத்துக்குத் திருப்பியது. சில மாதங்களில் ஆற்று முகத்தைச் சுற்றியும் அதற்கு வடக்கேயும் புது நோயாளிகள் தோன்றினார்கள். எந்த ஆய்வாளரும் மனிதர்கள் மீது செய்யத் துணியாத சோதனை அது. முடிவில் இம்மியும் சந்தேகம் மிஞ்சவில்லை.

இந்த இடத்தில் ஹொசொகாவாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆலைச் சம்பளம் வாங்கிய மருத்துவர். நோயை முதலில் அறிவித்தவர். மருத்துவமனைப் பின்கட்டில் பூனைகளை வைத்துத் தாமாகவே சோதனை நடத்தி வந்தார். 1959 ஜூலையில் அசிட்டால்டிஹைடு பிரிவின் கழிவுநீரை நேராக எடுத்து, நாளுக்கு 20 மில்லி வீதம் ஒரு பூனையின் உணவில் கலந்தார். அந்தப் பூனைக்கு எண் 400. அக்டோபர் முதல் வாரத்தில் அதன் கால்கள் தடுமாறின, பிறகு சுழன்றது, வலிப்பு வந்தது. அறுத்துப் பார்த்தால் நோயாளிகளின் மூளையில் இருந்த அதே அழிவு. நிர்வாகத்திடம் சொன்னார். சோதனையை நிறுத்தச் சொன்னார்கள். முடிவு வெளியே போகவில்லை.

வெளியே அப்போது என்னென்ன நடந்தது என்று பார்த்தால் நெஞ்சு கனக்கிறது. நவம்பரில் மீனவர்கள் ஆலைக்குள் புகுந்து கொந்தளித்தார்கள். டோக்கியோவில் சிலர் வேறு விளக்கங்களைக் கொண்டுவந்தார்கள்: போர் முடிந்தபோது கடலில் கொட்டிய வெடிமருந்து என்றார் ஒருவர், அழுகிய மீனில் உண்டாகும் அமீன் என்றார் ஒரு பேராசிரியர். டிசம்பர் 24 அன்று ஆலையில் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக் கருவியின் திறப்பு விழா. தலைவர் அதன் நீரை ஒரு குவளை குடித்துக் காட்டினார். கரிமப் பாதரசத்தை நீக்கும்படி அந்தக் கருவி வடிவமைக்கப்படவே இல்லை. ஆறு நாள் கழித்து, நோயாளிகளோடு ஆறுதல் தொகை ஒப்பந்தம். இறந்தவருக்கு 3 லட்சம் யென், பெரியவர்களுக்கு வருடத்துக்கு 1 லட்சம், குழந்தைகளுக்கு 30 ஆயிரம். பின்னாளில் ஆலைக் கழிவுதான் காரணம் என்று நிரூபணமானாலும் மேற்கொண்டு எதுவும் கேட்க மாட்டோம் என்று அதில் ஒரு நிபந்தனை. எழுத்துக்கூட்டிப் படிக்கவும் நேரமில்லாமல் படுக்கையில் பிள்ளையை வைத்துக்கொண்டிருந்தவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். கையெழுத்து வாங்கியவர்களின் கட்டடத்தில் பூனை எண் 400-ன் குறிப்பு இருந்தது.

அடுத்த ஆண்டு, 1960-ல், ஆலையின் அசிட்டால்டிஹைடு உற்பத்தி அதன் வரலாற்றிலேயே உச்சத்தைத் தொட்டது: 45,000 டன்.

ஹொசொகாவாவின் மௌனத்தை மன்னிக்கலாமா என்று நோயாளிகளைத் தவிர யாரும் சொல்ல முடியாது. 1970 ஜூலையில், புற்றுநோயோடு மருத்துவமனைப் படுக்கையில் இருந்தவர், நீதிமன்றத்துக்காக அங்கேயே சாட்சி சொன்னார். பூனை எண் 400-ஐப் பற்றி முழுக்கச் சொன்னார். அக்டோபரில் இறந்தார். ஆலைதான் பொறுப்பு என்று தீர்ப்பளிக்க அந்தச் சாட்சியம் பெரிய பலமாக இருந்தது.

கருவறை மதில்

1961-ல் இளம் மருத்துவராக மினமாட்டா குப்பங்களுக்குப் போன ஹராடா, ஒரு வீட்டுத் திண்ணையில் அண்ணனும் தம்பியும் விளையாடுவதைப் பார்த்தார். இருவருக்கும் ஒரே மாதிரி அறிகுறிகள். இருவருக்கும் மினமாட்டா நோய்தானே என்று தாயிடம் கேட்டார். பெரியவனுக்கு அந்த நோய்தான், சின்னவனுக்குப் பிறவி மூளை வாதம் என்று டாக்டர்கள் சொல்லியிருக்கிறார்கள் என்றார் தாய். காரணம், சின்னவன் மீனே தின்றதில்லை. ஆனால் நான் தின்றேனே, என் வயிற்றில் இருந்தபோது அவனுக்குப் போயிருக்கும் என்பது அவர் எண்ணம். சின்னவன் பிறந்த அதே ஆண்டில் பிறந்த இன்னும் சில குழந்தைகளும் இப்படித்தான் இருக்கிறார்கள் என்று வழியும் காட்டினார்.

நச்சு நஞ்சுக்கொடியைத் தாண்டாது, கருவறை குழந்தையைக் காக்கும் மதில் என்பது அன்றைய மருத்துவப் பாடம். படிப்பில்லாத ஒரு மீனவப் பெண்ணின் ஊகத்தை விடப் பாடம் பெரிதாக இருந்தது. ஹராடா அந்தப் பெண்ணின் பக்கம் நின்றார். 1962-ல் அப்படிப்பட்ட குழந்தை ஒன்று இறந்து, அதன் மூளையைப் பரிசோதித்த பிறகு, அந்த ஆண்டு நவம்பரில் 16 குழந்தைகள் கருவிலேயே மினமாட்டா நோய் கண்டவர்கள் என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. மெத்தில் பாதரசம் நஞ்சுக்கொடியைத் தாண்டுகிறது. தாண்டுவது மட்டுமா, தாயின் ரத்தத்தில் இருப்பதைவிடக் கூடுதலாகக் குழந்தையிடம் சேர்கிறது. இன்று கர்ப்பிணிகளிடம் சுறா, சூரை போன்ற பெரிய மீன்களைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று உலகம் முழுவதும் சொல்லப்படும் ஆலோசனையின் வேர் அந்தத் திண்ணைப் பேச்சில் இருக்கிறது.

தொப்புள்கொடிப் பெட்டிகளை ஹராடா தேடிப் போனதும் அதனால்தான். நோய் உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் பலருடைய தலைமுடியையோ ரத்தத்தையோ யாரும் எடுத்து வைக்கவில்லை. ஷிரானுய் கரையில் இருந்த மக்கள் அத்தனை பேரையும் பரிசோதிக்கும் ஆய்வை அரசு அன்று நடத்தவே இல்லை. சேற்றை அளந்தார்கள், மீனை அளந்தார்கள். மக்களை அளந்தால் எத்தனை பேர் என்று தெரிந்துவிடும். பெட்டிகளுக்குள் இருந்த கொடிகள் மட்டும் அந்த ஆண்டுகளுக்குச் சாட்சியாக மிஞ்சியிருந்தன.

வலைக்குள் ஒரு விரிகுடா

ஆலைச் சகதியிலேயே மெத்தில் பாதரசம் இருப்பதைக் குமமோட்டோ குழுவின் இருகயாமா கட்சுரோ 1962-ல் கண்டுபிடித்தார். 1965-ல் நிகாட்டாவில், வேறொரு நிறுவனத்தின் அதே முறை ஆலைக்குக் கீழே, அகனோ ஆற்றங்கரையில் இரண்டாவது மினமாட்டா வந்தது. முதலாவதை ஒழுங்காக ஏற்றுக்கொண்டிருந்தால் வராமல் தடுத்திருக்கக்கூடியது. சிஸ்ஸோ அந்த முறையை 1968 மே மாதம் கைவிட்டது. சுற்றுச்சூழலுக்காக இல்லை, தொழில்நுட்பம் பழசாகிவிட்டதால். நான்கு மாதம் கழித்து, செப்டம்பர் 26 அன்று, நோய்க்கு ஆலைதான் காரணம் என்று அரசு அறிவித்தது. 1973 மார்ச் 20-ல் குமமோட்டோ நீதிமன்றம் சிஸ்ஸோதான் பொறுப்பு என்றது. ஆறுதல் தொகை ஒப்பந்தமும் செல்லாது என்றது. இதற்கிடையே 1969-ல், மினமாட்டாவில் வளர்ந்த குடும்பத்தலைவி இஷிமுரே மிச்சிகோ, நோயாளிகளின் பேச்சைத் தன் குரலாக்கி எழுதிய ‘குகாய் ஜோடோ’ என்ற நூல் நாடெங்கும் வாசிக்கப்பட்டது. அறிக்கைகளில் எண்ணாக இருந்தவர்கள் அதில் ஆட்களாக வந்தார்கள்.

கடலை என்ன செய்வது? 70 முதல் 150 டன் வரை பாதரசம் போய்ச் சேர்ந்திருக்கும் என்று மதிப்பிட்டார்கள். கெட்ட மீன் வெளியே போகாமலும் வெளி மீன் உள்ளே வராமலும் இருக்க 1974-ல் விரிகுடாவின் வாயில் வலை கட்டினார்கள். மீனவர்கள் மீனுக்காக விரித்த வலையைப் பார்த்த கடல், முதல்முறையாக மீனைத் தடுக்கும் வலையைப் பார்த்தது. கப்பல் போகும் பாதையில் மட்டும் வலை கட்ட முடியாமல் இடைவெளி விட்டார்கள். 1977 முதல் 1990 வரை சேறு அள்ளினார்கள். 4,850 கோடி யென் செலவில், சுமார் 15 லட்சம் கன மீட்டர் சேற்றை அகற்றியும் அடைத்தும் மூடினார்கள். விரிகுடாவின் உட்பகுதியில் 58 ஹெக்டேர் கடல், நிலமானது. 1997 ஜூலையில் மீன் பாதுகாப்பானது என்று ஆளுநர் அறிவித்த பிறகு வலையை எடுத்தார்கள்.

இன்று அந்த விரிகுடாவில் முக்குளிப்பவர்கள் கடல்குதிரைகளைப் படம் எடுக்கிறார்கள். மீன்களில் பாதரச அளவை மாகாணம் இன்னும் பார்த்து வருகிறது. கடல் தேறிவிட்டது என்றே சொல்லலாம். மனிதர்களின் கணக்கு அப்படி முடியவில்லை. அரசு நோயாளிகள் என்று சான்றளித்தவர்கள் 2,200-க்குச் சற்று மேல். சான்று மறுக்கப்பட்டு, 1995-லும் 2009-லும் வந்த சமரசத் திட்டங்களில் சேர்ந்தவர்கள் பல்லாயிரம். 2023 செப்டம்பரில் ஒசாகா நீதிமன்றம், சமரசத்திலும் விடுபட்ட 128 பேரை நோயாளிகள் என்று ஏற்றது. கடலுக்குத் தேதி குறித்து நலம் என்று அறிவித்தார்கள். மக்கள் இன்னும் நோயை நிரூபித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பாதரசத்தைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் 2013-ல் ஏற்றுக்கொண்ட ஒப்பந்தத்துக்கு மினமாட்டாவின் பெயரையே வைத்தார்கள். இந்தியா அதை 2018-ல் உறுதிசெய்தது. தமிழ்நாட்டில் அதைப் படிக்கும் எவருக்கும் கொடைக்கானல் நினைவுக்கு வராமல் போகாது. அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டு, பாம்பார் சோலையின் விளிம்பில் இயங்கிய வெப்பமானி ஆலை. 2001-ல் பாதரசம் ஒட்டிய கண்ணாடி உடைசல் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் கிடந்ததை ஊரார் கண்டுபிடித்த பிறகுதான் அது மூடப்பட்டது. ஆலையை நடத்திய இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனம் 2016-ல் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாட்டுக்கு வந்தது. அங்கே இருந்தது உலோகப் பாதரசம், மினமாட்டாவில் ஆலையிலேயே உருவான மெத்தில் பாதரசம் இல்லை. ஆனால் சேற்றில் காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் ஒன்றை மற்றொன்றாக மாற்ற வல்லவை. பாம்பார் சோலையின் நீர் கும்பக்கரை வழியாக வைகைப் பக்கம் இறங்குகிறது. மலை மேல் ஒரு கிராம் பாதரசம் எங்கே நிற்கும் என்று கேட்பவர்கள், வைகை அணையின் மீனையும் சேற்றையும் தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பார்ப்பதற்கு முன்பே, எந்த அளவைக் கண்டால் நிறுத்துவோம் என்று எழுதி வைத்துக்கொள்ளவும் வேண்டும். 1957-ல் அந்த அளவை யாரும் எழுதி வைத்திருக்கவில்லை. அதனால்தான் எல்லாமே என்ற ஒரு சொல் அவ்வளவு எளிதாக வந்து உட்கார்ந்துகொண்டது.

மினமாட்டாவில் கடல் நிலமான இடம் இப்போது பூங்கா. மரங்கள் வளர்ந்துவிட்டன. கரையோரமாக, நோயாளிகளும் உறவினர்களும் தம் கையால் செதுக்கிய சிறு கல் உருவங்கள் ஷிரானுய் கடலைப் பார்த்து நிற்கின்றன. சில கைகூப்பியிருக்கின்றன, சில குழந்தையை மடியில் வைத்திருக்கின்றன. அவற்றின் காலடி மண்ணுக்குக் கீழே, கன இரும்புத் தகடுகளால் அடைத்த சேறு. அந்தச் சேற்றோடு, வலைக்குள் பிடித்து விற்கவும் தின்னவும் முடியாமல் பீப்பாய்களில் அடைத்துப் புதைத்த மீன்கள்.